தண்டல் பணத்துக்கு வரி: தொழிலைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு கட்டுவதா?

சட்டவிரோதமாக வந்த பணத்துக்கும் வருமான வரி உண்டா என்று இன்னமும் கேட்கிறார்கள். உண்டு. தொழில் சட்டவிரோதம் என்று சொல்லி வரியிலிருந்து நழுவ முடியாது என்று 1886-லேயே ஒரு பிரிட்டிஷ் நீதிபதி சொல்லிவிட்டார். சிகாகோ தாதா அல் கபோனை 1931-ல் 11 ஆண்டு உள்ளே தள்ளியது கொலை வழக்கு அல்ல, வரி வழக்கு. இந்தியாவிலும் அதே நிலைதான். இதில் அலச ஒன்றுமில்லை.

அலச வேண்டியது, வங்கிக் கணக்கில் விழுந்த ரொக்கத்தைக் கேட்டு நோட்டீஸ் வந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவை. "இந்தத் தொழில் செய்தேன், இது அதன் வருமானம்" என்று எழுதிக் கொடுப்பது ஒரு வழி. மூலத்தைச் சொல்லாமல், கேட்ட வரியைக் கட்டித் தொலைப்பது இன்னொரு வழி. சந்தையில் தண்டல், அதாவது தினவசூல் கடன், விட்டுக்கொண்டிருந்த ஒருவருக்காக வரித்துறைக்குப் பதில் எழுதிக் கொடுத்த நான் முதல் வழியில் போனேன். அதனால் என் பக்கச் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சொல்வதே மேல். பிரிவு எண்களும் விகிதங்களும் எல்லாம் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. அவர் வழக்கு அந்தக் காலத்தது. 2025-ன் புதிய சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன.

வாயை மூடிக்கொள்ளும் வழியை முதலில் பார்த்துவிடலாம். விளக்கம் தராத பணம், அல்லது தந்த விளக்கம் அதிகாரிக்குத் திருப்தி தராத பணம், 69A பிரிவில் போகும். 2016 டிசம்பர் திருத்தம், பணமதிப்பிழப்பு அறிவித்த அடுத்த மாதமே வந்தது, இதற்கு 115BBE-யில் 60 சதவீத வரி வைத்தது. அந்த 60-ல் 25 சதவீத சர்சார்ஜ் 15, இரண்டும் சேர்ந்த 75-ல் 4 சதவீத செஸ் 3, ஆக 78. நீங்களாக ரிட்டர்னில் காட்டாமல் துறை கண்டுபிடித்தால் 10 சதவீத அபராதமும் உண்டு, அது அந்த 60-ல் கணக்கு. ஆக 84. செலவுக் கழிவு கிடையாது, நஷ்டத்தை ஈடுகட்டவும் முடியாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், எந்தத் தொகை மேல் அந்தச் சதவீதம் என்று பார்ப்பதில்லை.

தண்டல் அட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நூறு கட்டம். காய்கறிக் கடைக்காரருக்குப் பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. தினம் சாயந்திரம் நூறு ரூபாய், ஒரு கட்டத்தில் ஒரு கையெழுத்து. நூறு நாளில் பத்தாயிரம் திரும்பி வருகிறது. தண்டல்காரருக்கு வருமானம் 1,500 மட்டும். மீதி 8,500 அவர் போட்ட முதல். ஆனால் வங்கியில் விழுவது பத்தாயிரம். அந்தப் பத்தாயிரம் மறுபடி தண்டலுக்குப் போய், மறுபடி வங்கிக்கு வரும். ஒரே பணம் வருடத்தில் மூன்று சுற்று சுற்றினால் கணக்கில் மூன்று மடங்கு ரொக்கம் தெரியும்.

வாயை மூடிக்கொண்டால் பத்தாயிரத்துக்கும் 84 சதவீதம், அதாவது 8,400 ரூபாய். சம்பாதித்தது 1,500! தொழில் என்று சொன்னால் அந்த 1,500-க்கு மட்டும் வழக்கமான விகிதத்தில் வரி, அதிலும் கழிவு போக. குறைத்துக் காட்டியதற்கு அபராதமும் வட்டியும் சேரும்தான். சேர்த்தாலும் இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

கழிவு என்றால் என்னென்ன கழியும்? இங்கேதான் வழக்கறிஞர்களே சறுக்குகிறார்கள். குற்றமான காரியத்துக்குச் செய்த செலவைக் கழிக்கக் கூடாது என்று, தொழில் செலவைக் கழிக்க விடும் 37(1)-க்கு 1998-ல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள், 1962-லிருந்தே அமலுக்கு வந்ததாக. அதன்படி வசூல் பையனின் சம்பளமும் பெட்ரோலும் போச்சு. ஆனால் அந்த விளக்கம் உட்கார்ந்திருப்பது 37-ல். வட்டிக்கு விடும் தொழிலில் வாராக் கடனும், இவர் வெளியில் வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டியும் 36-ன் கீழ் வருபவை. நான் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

நஷ்டம் என்பது செலவு அல்ல என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே இருக்கின்றன. பியாரா சிங் வழக்கு அதில் பிரசித்தம். 1958 செப்டம்பரில் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டும்போது 65,500 ரூபாய் நோட்டோடு பிடிபட்டவர். அங்கே தங்கம் வாங்கி இங்கே கடத்தத் திட்டம். பணத்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வருமான வரி அதிகாரி அதில் 60,500-ஐ வருமானம் என்று வரி போட்டார். கடத்தலே தொழில் என்றால், பிடிபடுவதும் அந்தத் தொழிலோடு வரும் நஷ்டம்தானே என்று 1980-ல் நீதிமன்றம் கழிவைக் கொடுத்தது. 2006-ல் டாக்டர் குரேஷி வழக்கில் ஹெராயின் பறிபோனதற்கும் அதே நியாயம்: 1998 விளக்கம் செலவுக்கு, இது தொழில் நஷ்டம். சொந்த ஒழுக்கக் கருத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள்.

படிக்கிறவருக்கு எரிச்சல் வரும், எனக்கும் முதல் முறை வந்தது. கடத்தல்காரனின் நஷ்டத்தில் அரசுக்கு என்ன பங்கு? ஆனால் யோசித்தால், தண்டனை கொடுக்கக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. வரி அலுவலகம் கேட்க வேண்டியது எவ்வளவு லாபம் என்பதை மட்டும். லாபமே இல்லாத பணத்துக்கு வரி போட்டால் அது வழக்கு நடத்தாமல் விதித்த அபராதம்.

இந்தக் கதவும் இப்போது அகலமாகத் திறந்திருக்கவில்லை. 2022-ல் அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசப் பொருள்களைச் செலவாகக் கழிக்க முடியாது என்று வந்துவிட்டது. 2023-ல் பிரகாஷ் சந்த் லூனியா வழக்கில் பறிமுதலான வெள்ளிக் கட்டிகளின் மதிப்பை நஷ்டமாகக் கழிக்க விடவில்லை. அவர் தொழில் வெள்ளி வியாபாரம், கடத்தல் அல்ல, எனவே பியாரா சிங் பொருந்தாது என்றார்கள். முழுநேரக் கடத்தல்காரனுக்குக் கிடைத்தது, பகுதிநேரக்காரனுக்கு இல்லை! தண்டல் முழுநேரத் தொழில் என்பது எனக்கு அந்த வகையில் வசதியாகப் போயிற்று.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு விடை கொஞ்சம் வேறு. தன்னைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டாம் என்ற உரிமையைச் சொல்லி ரிட்டர்னே போடாமல் இருக்க முடியாது, ஆனால் குறிப்பிட்ட கேள்விக்கு அங்கேயே ஆட்சேபம் எழுதலாம் என்று 1927-ல் சாராய வியாபாரி சல்லிவன் வழக்கில் சொன்னார்கள். திருடிய பொருளை அதே வருடத்தில் உரியவரிடம் திருப்பாவிட்டால் அதன் சந்தை மதிப்பை வருமானமாகக் காட்டு என்று வரித்துறைக் கையேட்டிலேயே இருக்கும். கழிவிலும் தாராளம்: 1958-ல் சட்டவிரோதப் பந்தயக் கடைக்கு வாடகையும் சம்பளமும் கழித்தார்கள். 1981-ல் மின்னியாபொலிஸ் போதைப்பொருள் வியாபாரி ஒருவருக்கு எடைபோடும் தராசு வரை கழித்ததும், மறுவருடமே 280E பிரிவு வந்தது. போதைப்பொருளுக்குச் சரக்கின் அடக்க விலை தவிர எதுவும் கழியாது. அது பிறகு மாநில உரிமம் வாங்கி நடத்தும் கஞ்சாக் கடைகளின் கழுத்தைப் பிடித்தது. கழிவை மறுப்பது இப்படித்தான், குறிவைத்தவரை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடிக்கும்.

இனி சொல்வதன் ஆபத்து. "சார், தண்டல்னு எழுதிக் குடுத்தா நாளைக்குப் போலீஸ் வந்து நிக்காதா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. 2003-ன் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது; மூன்று ஆண்டு வரை சிறை. வருமான வரிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வரித்துறை மற்றத் துறைகளுக்குத் தகவல் கொடுக்கலாம். அவரை முதலில் ஒரு குற்றவியல் வக்கீலிடம் அனுப்பிவிட்டுத்தான் பதில் எழுதினேன். அவர் விஷயத்தில் போலீஸ் வரவில்லை. ஒரு ஆளை வைத்து இதை உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். கடத்தல், போதை வழக்குகளில் நான் ஆஜரானதும் இல்லை. ஏற்கெனவே பிடிபட்டு வழக்கு ஓடுகிறவர் என்றால் மறைக்க என்ன இருக்கிறது, அவர் சொல்லிவிடலாம்.

லஞ்சம் என்றால் என் கட்சி தளரும். அதில் முதலும் இல்லை, வாராக் கடனும் இல்லை, வந்தது முழுக்க வருமானம். வித்தியாசம் விகிதத்தில் மட்டும், சொன்னால் ஊழல் தடுப்புச் சட்டம் வாசலில். அங்கே எந்தப் பக்கம் போவது என்பது வக்கீல் சொல்ல வேண்டியது.

தண்டல்காரர் வழக்கில் அதிகாரி தொழிலை ஒப்புக்கொண்டார், முதலைக் கழித்தார், வாராக் கடனில் பெரும்பகுதியை வெட்டினார். வெட்டியதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம். ஒப்புக்கொள்ள வைத்தவை பழைய அட்டைகள்: எண்ணெய்க் கறை, மழையில் ஊறிய ஓரம், கட்டத்துக்குக் கட்டம் மாறும் மை. நோட்டீஸ் வந்த பிறகு யாராவது உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய புது நோட்டைக் கொண்டுவந்தால் நான் தொடுவதில்லை. அதிகாரிக்கு அது பொய்க் கணக்கு, அபராதம் அங்கிருந்துதான் ஏறும்.