பென்லியின் பொயிண்ட் டைமிங்: எஞ்சின் கட்டிய பிறகும் கவனிக்க வேண்டியவை

புதிதாக எஞ்சின் கட்டிய ஹொண்டா சிடி 125 பென்லி காலி வீதி நெரிசலில் சூடேறி இழுவை குறைந்தால், பலரும் முதலில் கழற்றுவது கார்பரேட்டரைத்தான். ஸ்பார்க்கை உண்டாக்கத் திறந்து மூடும் தொடுமுனையான பொயிண்டின் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

டைமிங்கில், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தில், கைவைக்கு முன்னர் கேம் தண்டைச் சுழற்றும் கேம் செயினைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பொயிண்டைத் திறப்பது கேம் தண்டு என்பதால், செயின் தளர்ந்தால் ஸ்பார்க்கும் பிந்தும். அடுத்து இடைவெளி: பொயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கையில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இந்த ஒழுங்கு முக்கியம். இடைவெளி கூடினால் பொயிண்ட் முந்தித் திறக்கும், குறைந்தால் பிந்தும். டைமிங் வைத்தபின் இடைவெளியைத் தொட்டால் எல்லாம் திரும்ப முதலிலிருந்துதான்.

பிளக்குகளைக் கழற்றித் தொப்பியோடு எஞ்சின் உடலில் படும்படி வையுங்கள்; பக்கத்தில் பெற்றோல் இருக்கக்கூடாது. பற்றரியின் வோல்ட்டுக்கேற்ற சிறு பல்பின் ஒரு வயரைப் பொயிண்ட் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் கொடுத்து சாவியைப் போடுங்கள். பொயிண்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். கிராங்கின் இடப்பக்க முனையிலுள்ள ரோட்டரை மெதுவாக இடஞ்சுழியாகச் சுற்றும்போது, அதிலுள்ள எஃப் குறி (ஸ்பார்க் விழவேண்டிய இடம்) அசையாத கோட்டைத் தொடும் இடத்தில் பல்ப் எரியவேண்டும். முந்தி எரிந்தால், பொயிண்ட் தட்டை கேம் சுழலும் திசையிலேயே சற்று நகர்த்துங்கள். குறியைத் தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னே போய்த் திரும்பவும் முன்னோக்கியே வாருங்கள். இல்லாவிட்டால் செயினின் தளர்வு அளவைக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறந்தால் கொயில் சூடேறிப் பழுதாகும்.

எஃப் குறிக்கு அருகிலேயே, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டீ குறியும் இருக்கிறது. தவறி அதில் வைத்தால் உதைத்தவுடன் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இராது, சைலன்சர் வளைவு நீலம் பாயும். மிகவும் முந்தி வைத்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அப்போது 92 ஒக்டேன் பெற்றோலில், சுமையோடு ஏற்றம் ஏறுகையில் எஞ்சின் கணகணக்கும்.

நீண்ட ஓட்டத்தில் உண்மையான சோதனை பொயிண்டில் கேமோடு உரசும் ஃபைபர் குதிக்குத்தான். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும் மலிவான செட்டுகளில் அது மென்மையாக இருந்தால் விரைவில் தேயும்; இடைவெளி சுருங்கும், டைமிங் பிந்தும். எந்த செட்டானாலும் முதல் 500 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு 3000 கிலோமீற்றருக்கொரு முறை அளக்கவேண்டும். கேமில் உரசும் ஃபெல்ட்டுக்குத் துளி கிரீஸ் போதும். கூடினால் பொயிண்ட் முகத்தில் தெறித்து மிஸ் அடிக்கும். இடைவெளி அளக்கும் பீலர் கேஜின் எண்ணெய்ப் பூச்சும் அதையே செய்வதால், கடைசியில் சுத்தமான மட்டைத் துண்டொன்றை இடையில் இழுத்து எடுங்கள்.

முகம் ஒருபக்கம் குழிந்து மறுபக்கம் மேடாகியிருந்தால் அரத்தால் தேய்ப்பது சில நாளைக்குத்தான்; பொயிண்டோடு, அதில் பொறி பறப்பதைக் குறைக்கும் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றவேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் வாரக்கணக்கில் நிறுத்திய பைக்கில் உப்புக்காற்று முகத்தில் படலம் கட்டிவிடும். மூடியின் கேஸ்கட்டைப் புதிதாகப் போடுவது மழைக்கும் இதற்கும் நல்லது.

டைமிங் லைட்டில் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு) ஐட்லிங்கில் எஃப் சரியாக நின்று, வேகம் கூட்டியும் குறி நகராவிட்டால் தட்டைத் தொடாதீர்கள். உள்ளே, வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முந்தவைக்கும் அட்வான்சர் எடைகள் இறுகியிருக்கும். கேமை விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் உடனே திருப்பி இழுக்கவேண்டும்.