சொட்டு நிற்காத ஈய அடுப்பு: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாலரைக் கிலோ கொள்ளளவு, 500 வாட், அடியில் வால்வு. இந்த வகை மின்சார ஈய அடுப்பின் விலை இப்போது இறங்கியிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்பு என்பதால் பெயரை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றியே எழுதுகிறேன். மீன்பிடிக்கும் கொக்கியோடு சேர்த்து வார்க்கும் ஈயத் தலையான ஜிக் ஹெட், ஈயத்தில் வார்க்கும் செயற்கை இரையான மெட்டல் ஜிக் இரண்டும் இதில் மூன்று வருடமாக வார்த்தாகிறது. போன வாரம்தான் வால்வு, ரெகுலேட்டர் இரண்டையும் பிரித்துச் சரிசெய்து முடித்தது.

சூடாவதில் குறை சொல்ல முடியாது. ஒரு கிலோ காரீயத்தை அறை வெப்பத்திலிருந்து 400 டிகிரிக்குக் கொண்டுபோக 72 கிலோஜூல் போதும். நாலரைக் கிலோவுக்குக் கணக்குப்படி 11 நிமிடம். பானையின் இரும்பு குடிப்பதும் காற்றில் போவதும் சேர்ந்து 20 முதல் 25 நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தை அடுப்பு ஒழுங்காகக் காப்பாற்றுகிறது. 40 நிமிடம் ஆனால் அடுப்பைத் திட்டுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். சாயங்காலம் 190 வோல்ட் வரும் ஊர்களில் 500 வாட் எலிமென்ட் 340 வாட்தான் தரும்.

என் கோபமெல்லாம் சொட்டின் மேல்.

அடிவால்வின் வேலை எளிது. பானையின் அடியில் ஒரு துளை. மேலிருந்து இறங்கும் இரும்புத் தண்டின் கூம்பு முனை அந்தத் துளையில் உட்கார்ந்து அடைக்கிறது. கூம்பு உட்காரும் துளை விளிம்புதான் இருக்கை. லீவரைத் தூக்கினால் தண்டு எழும்பி ஈயம் இறங்கும், விட்டால் அடைபடும். கசடு மேலேயே மிதக்க, சுத்தமான ஈயம் அடியிலிருந்து அச்சுக்குப் போகும். கரண்டியால் ஊற்றுவதைவிட இது உயர்வு என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஐந்து கிராம் ஜிக் ஹெட்டின் கழுத்து வரை, கொக்கியைச் சுற்றி, மடிப்பில்லாமல் நிரம்பும். கரண்டியில் அந்தச் சுத்தம் வராது.

ஆனால் லீவரை விட்ட பிறகும், ஈயம் வெளிவரும் மூக்கிலிருந்து நாலு விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருக்கும். அச்சின் மேல்வாயில் விழுந்து உறைந்தால் அடுத்த முறை அச்சு சரியாக மூடாது, வார்ப்பின் ஓரமெல்லாம் தகடு பிதுங்கும். அச்சு இல்லாத நேரத்தில் சொட்டு மூக்கிலேயே ஊசிபோல் உறைந்து துளையை அடைக்கும். மேசையில் தெறித்தால் காலில் விழும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் "அழுக்கு, சுத்தம் பண்ணு" என்பது. பாதி உண்மை. மீதியைப் பெட்டியோடு வரும் தாள் சொல்வதில்லை: இரும்பு ஈயத்தில் மிதக்கும். திரவ ஈயத்தின் அடர்த்தி 10.6, இரும்பின் அடர்த்தி 7.85. எட்டு மில்லிமீட்டர் தண்டு பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூழ்கியிருந்தால் ஈயம் அதைச் சுமார் 50 கிராம் விசையோடு மேலே தள்ளப் பார்க்கும். பதினெட்டு சென்டிமீட்டர் நீளத் தண்டின் எடையே 70 கிராம்தான். மிஞ்சி அழுத்துவது இருபது கிராம். பானை நிரம்பியிருக்கும்போது வால்வின் மேல் நிற்கும் அழுத்தமோ ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஆக, எப்போது இறுக்கமாக அடைக்கவேண்டுமோ அப்போதுதான் தண்டு மிக இலேசாக உட்கார்ந்திருக்கிறது. முழுப் பானையில் சொட்டி, பாதிப் பானையில் தானே நிற்கும் அடுப்புகளின் நோய் பெரும்பாலும் இதுதான்.

எனவே எதையும் பிரிப்பதற்கு முன் மூன்று சோதனைகள். பானை நிறைய ஈயம் உருகி 380 டிகிரியில் இருக்கட்டும். முதலில் தண்டின் தலையை இடுக்கியால் பிடித்து இடவலமாக அரைச் சுற்று, நாலு தடவை திருகுங்கள். சொட்டு நின்றால் அழுக்கு. நிற்கவில்லையா, தண்டின் தலையை ஒரு கட்டையால் நேர் கீழாக அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் நின்றால் எடை போதவில்லை. இரண்டுக்கும் மசியாவிட்டால் கூம்பும் இருக்கையும் பொருந்தவில்லை, அல்லது லீவர் தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. லீவரின் ஊசியைக் கழற்றிவிட்டுத் தண்டைத் தனியாக உட்காரவைத்துப் பார்த்தால் இவற்றில் எது என்று தெரிந்துவிடும்.

எடைக்கு மருந்து எளிது. முலாம் பூசாத எம்16 நட்டு ஒன்று 33 கிராம் வரும். ஆறு நட்டுகளைத் தண்டின் தலையில் கோத்து, கீழே நழுவாமல் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கினால் 200 கிராம். எடை தண்டின் நேர் மேலே இருக்கவேண்டும். லீவரில் கட்டித் தொங்கவிட்டால் பக்கவாட்டில் இழுத்து நிலைமையை மோசமாக்கும். ஆறு நட்டில் தீரும் விஷயத்தைத் தயாரிப்பவர்கள் செய்து அனுப்பாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அழுக்குக்கு வருவோம். திரவ ஈயம் தண்ணீரைப்போல ஓடினாலும், துரும்பற்ற இரும்பில் ஒட்டாது. தலைமுடி அகலத்துக்கும் குறைந்த இடைவெளியில் இறங்கவும் மாட்டாது. அதனால் இருக்கை கண்ணாடிபோல் இருக்கவேண்டிய அவசியமில்லை. இடையில் மணல், சாம்பல், துரு எதுவும் சிக்காமல் இருந்தால் போதும். சிக்கவைப்பது நாம்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஈயத்தை நேராக இந்தப் பானையில் போடவே கூடாது. தனி இரும்புச் சட்டியில் உருக்கி, கசடு நீக்கி, கட்டியாக வார்த்த பிறகே இதில் போடவேண்டும். மரத்தூள் தூவிக் கசடு பிரிப்பதையும் அந்தச் சட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பானையில் தூவினால் தண்டு ஏறி இறங்கும்போது கரித்துகளைத் தன்னோடு அடிக்கு இழுத்துப்போய் இருக்கையில் புதைக்கும். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று, பட்டாணி அளவு, அதிகபட்சம் அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் பானையைக் காலி செய்வதும் தவறு. இரண்டு சென்டிமீட்டர் ஈயம் உறைந்து கிடக்கட்டும். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் காலிப் பானையின் இருக்கை பத்து நாளில் துருப்பிடிக்கும், அந்தத் துருதான் அடுத்த முறை சொட்டாக வரும்.

இருக்கையே பொருந்தாவிட்டால் தேய்க்கத்தான் வேண்டும். ஈயத்தை முழுதும் கட்டி வார்க்கும் அச்சில் இறக்கி, ஆறிய பிறகு தண்டை உருவுங்கள். படிந்திருக்கும் மஞ்சள், சாம்பல் நிறப் பொடி ஈய ஆக்சைடு. உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் அது நம் மூக்குக்குள் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்தே தேய்க்கவேண்டும், துடைத்த துணியை மூடி போட்ட டப்பாவில் போடவேண்டும். பிறகு ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்டைக் கூம்பில் தடவி, தண்டை டிரில்லில் மாட்டி, மெதுவான வேகத்தில் பத்துப் பத்து விநாடியாக ஓட்டுங்கள். முதலில் கரடுமுரடான பேஸ்ட், கடைசியில் நைசு. கூம்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் மங்கலான வளையம் முறியாமல் தெரிந்தால் நிறுத்திவிடவேண்டும். ஆசையில் மேலும் ஓட்டினால் கூம்பில் பள்ளம் விழுந்து தண்டை மாற்றும்படி ஆகும். பேஸ்டைக் கழுவிய பிறகு வெறும் பானையை மிகக் குறைந்த புள்ளியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். ஒரு துளி ஈரம் மிஞ்சி அதன் மேல் ஈயம் உருகினால் தண்ணீர் நீராவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், பானையில் உள்ளது முகத்துக்கு வரும். குளிர்ந்த ஈயக்கட்டியை உருகிய ஈயத்தில் நேரடியாகப் போடாமல் பானை விளிம்பில் வைத்துக் காயவைப்பதும் இதற்காகத்தான்.

லீவரைத் தூக்கியும் ஈயம் வரவில்லை என்பது எதிர்க்கோளாறு. மூக்கு எலிமென்டுக்கு வெளியே நிற்பதால் பானை உருகியும் மூக்கு உறைந்திருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் சின்ன கேஸ் டார்ச்சால் மூக்கை இருபது விநாடி சூடாக்கினால் இளகும். துளையில் துரும்பு சிக்கியிருந்தால் சைக்கிள் ஸ்போக்கை எல் வடிவில் வளைத்துப் பக்கத்தில் நின்று குத்துங்கள். திறந்த கணமே ஈயம் ஸ்போக் வழியாகக் கைக்கு வரப் பார்க்கும். தோல் கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

சொட்டுக்கு இன்னொரு மூலம் ரெகுலேட்டர். குமிழில் இருக்கும் 1 முதல் 10 வரையான எண்களை வெப்பநிலை என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஈயத்தின் சூட்டை அறியவே அறியாது. எவ்வளவு நேரம் கரண்ட் விடுவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற விகிதம் மட்டும்தான். ஆறில் வைத்தால் முழுப் பானை 380-இல் நிற்கலாம், அதே ஆறில் பாதிப் பானை 450 தாண்டும். சூடு ஏறஏற மேலே கசடு வேகமாகப் படியும், கசடு வால்வுக்குப் போகும், சொட்டு திரும்ப வரும். எஃகு உறை போட்ட கே-டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் உணரி) ஒன்றைப் பாதி ஆழத்தில் நிறுத்தி, மெட்டல் ஜிக்குக்கு 370 முதல் 390, சின்ன ஜிக் ஹெட்டுக்கு 400 முதல் 420 என்று பார்த்து வார்த்தால் பாதித் தொல்லை போய்விடும். வார்ப்பில் மடிப்பு விழுந்தால் அடுப்பை ஏற்றவேண்டாம், முதலில் அச்சைச் சூடாக்குங்கள். விளக்குப் புகையில் அச்சின் உள்பக்கம் கரியேற்றினால் இன்னும் நன்றாக ஓடும்.

ரெகுலேட்டரின் தொடுமுனை பொறி தட்டிப் பழுதானால் இரண்டில் ஒன்று நடக்கும்: சூடே வராது, அல்லது ஒட்டிக்கொண்டு நிற்காமல் சூடேறும். அதைத் தூக்கிவிட்டு, சூட்டை அளந்து கரண்டைக் கட்டுப்படுத்தும் பிஐடி கண்ட்ரோலரும், அது சொல்கிறபடி கரண்டை விட்டு நிறுத்தும் மின்னணு சுவிட்சான எஸ்எஸ்ஆரும் போடுவது நல்ல மாற்றம். அதில் மூன்று இடங்களில் சறுக்குவார்கள். கண்ட்ரோலரின் அவுட்புட் ரிலே வகையா, எஸ்எஸ்ஆரை இயக்கும் டிசி வகையா என்று பார்த்து வாங்கவேண்டும். தெர்மோகப்பிள் ஒயரைத் தலைகீழாக மாட்டினால் சூடு ஏறும்போது திரையில் எண் இறங்கும். கண்ட்ரோலர் குளிர்கிறது என்று நம்பி முழுச் சூட்டையும் விட்டுக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதனால் கைக்கு எட்டும் இடத்தில் தனி சுவிட்ச் கட்டாயம்.

எலிமென்ட் போய்விட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டர் வையுங்கள். 230 வோல்ட், 500 வாட் எலிமென்ட் 105 ஓம் சுற்றிக் காட்டவேண்டும். காட்டினால் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது, கனெக்டர் கருகியிருக்கும். மழைக்காலத்தில் சும்மா கிடந்த அடுப்பை மாட்டியதும் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தால் எலிமென்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். சமையலுக்குப் பயன்படாத அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் பெரும்பாலும் தேறும். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், பானை முழுதும் இரும்பு. வெளிநாட்டிலிருந்து 110 வோல்ட் மாடல் வந்திருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் பிளக்கில் செருகாதீர்கள். நாலு மடங்கு வாட் பாய்ந்து சில நிமிடத்தில் எலிமென்ட் முடிந்துவிடும்.

ஈயத்தைப் பற்றியும் கொஞ்சம். பழைய வலைக் குண்டு மென்மையானது, சின்ன அச்சுக்கு அதுதான் நல்லது. வண்டிச் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டும் வீல் வெயிட்டில் ஆன்டிமணி என்ற உலோகம் உண்டு, கெட்டியாக வரும். ஆனால் அதில் துத்தநாகத் துண்டுகள் கலந்திருக்கும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால் சட்டியை 400-க்குக் கீழே வைத்தால் மிதப்பதை எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் ஈயம் கஞ்சிபோலாகி அச்சில் ஓடாது. பேட்டரித் தகடுகளை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உருக்கவேண்டாம், அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் எனும் கொடிய வாயு வரலாம். வேலை திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வேண்டாம். கை கழுவாமல் டீக்குக்கூடப் போகாதீர்கள்.

எடை வைத்து, இருக்கை தேய்த்து, தெர்மோகப்பிள் போட்ட பிறகு அடுப்பு சொட்டவில்லை. பத்து கிராம் ஜிக் ஹெட் நிமிடத்துக்கு மூன்று, பளபளவென்று விழுகிறது. இருந்தும், வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். பாரை மீனுக்கு அறுபது, நூறு கிராம் மெட்டல் ஜிக் மட்டும் வார்ப்பவருக்கு இரும்புச் சட்டியும் கரண்டியும் கேஸ் அடுப்பும் தாராளம். விலையைக் குறைக்கத் தெரிந்தவர்கள் வால்வைச் சரியாகத் தேய்த்து அனுப்பத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆறவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ஈயம் போடுவதற்கு முன்பே தண்டை உருவி, கூம்பு முழுதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, இருக்கையில் வைத்து லேசாக அழுத்தி ஒரு சுற்றுத் திருகி எடுத்துப் பாருங்கள். மை அழிந்த தடம் முழு வளையமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். ஒரு முறை ஈயம் உருக்கிய பானையை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.