ஊசி பத்திரமாக இருந்தது, ரிப்போர்ட்டைப் படிக்கத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது

முடக்குவாதத்துக்கு அடாலிமுமாப் ஊசி ஆரம்பித்து இரண்டு மாதம் ஆன நிலையில் வெளிநாட்டிலிருந்து ஆறு வாரம் ஊருக்குப் போய்வந்தேன். கிளம்பும் முன் கவலை முழுக்க ஊசியைப் பற்றித்தான். விமானத்தில் சூடாகிவிடுமா, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா, கரண்ட் போனால் என்ன செய்வது என்று இரவெல்லாம் யோசித்தேன். கடைசியில் ஊசி ஒரு தொல்லையும் தரவில்லை. படுத்தி எடுத்தது ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும்தான்.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. இந்த ஊசியை எழுதும் முன் ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பார்த்தார்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், காசநோய்க்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று நர்ஸ் கேட்டபோதுதான் சின்ன வயதில் மாமா மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டது ஞாபகம் வந்தது. பரிசோதனை பாசிட்டிவ். நோய் இல்லை, கிருமி மட்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அந்தக் கிருமியைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறதாம், அந்தச் சுவர் இடியாமல் நிற்க டிஎன்எஃப் என்ற பொருள் வேண்டும், மூட்டை வீங்க வைப்பதும் அதே டிஎன்எஃப்தான், நான் போட்டுக்கொள்ளும் ஊசி அடக்குவதும் அதைத்தான். ஆகவே அந்தக் கிருமியைக் கொல்ல ஐசோனியாசிட் மாத்திரை ஆறு மாதம், அதோடு வைட்டமின் பி6, ஒரு மாதம் அதைச் சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி. ஏற்கெனவே முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேறு. இரண்டுமே கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை. அதனால்தான் ஊரில் இருந்தாலும் ரத்தம் பார்க்கத் தவறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பயணம் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பேனா வடிவில் வரும் ஊசி மூன்று, கைப்பையில். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, அங்கே உறைந்துபோகலாம், உறைந்த ஊசியை உருக்கிப் பயன்படுத்த முடியாது. ஐஸ் ஜெல் பையும் பேனாவும் நேராக ஒட்டாமல் நடுவில் ஒரு துண்டு. மருத்துவமனைக் கடிதத்தைச் சோதனையில் யாரும் படிக்கக்கூட இல்லை. வைக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி. ஆனால் 25 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே 14 நாள் வரை தாங்கும் என்று என்னுடைய பெட்டியில் வந்த தாளிலேயே இருந்தது, அதைப் படித்த பிறகுதான் தூக்கம் வந்தது. (உங்கள் மருந்து வேறு கம்பெனியுடையது என்றால் அந்தத் தாளைப் பாருங்கள், இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள்.) வீட்டு ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும், கதவில் வைத்தால் திறக்கத் திறக்கச் சூடாகும், நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைத்து "யாரும் தொடாதீங்க" என்று எழுதி ஒட்டினேன். அக்கா அதைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தாள்.

மெத்தோட்ரெக்சேட் அட்டையைத்தான் மறந்துவிட்டு வந்திருந்தேன். பெரிய விஷயம் இல்லை, மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். இங்கே எனக்குத் தருவது 2.5 மில்லிகிராம் மாத்திரை, வாரத்தில் ஒரே நாளில் ஆறு, மொத்தம் 15. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது 10 மில்லிகிராம் மாத்திரை. நிறம் ஒன்றுதான், அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழக்கத்தில் ஆறு எடுத்துப் போட்டிருந்தால் 60. அது போதாதென்று கவரின் மேல் "தினம் 1" என்று பேனாவில் எழுதியும் கொடுத்தார். இது தினமும் சாப்பிடும் மாத்திரை இல்லை, தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. நான் சொன்னதும் "ஓ, அப்படியா, அடிச்சிடுங்க" என்றார், சாதாரணமாக. என் அம்மாவை மாதிரி ஒருவர் வாங்கியிருந்தால் அடித்திருப்பாரா? கவரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம்.

சரி, ரத்தப் பரிசோதனை. இந்த ஒரு விஷயத்தில் ஊரை அடித்துக்கொள்ள முடியாது. இங்கே ரத்தம் கொடுக்க நேரம் வாங்கி, அரை நாள் லீவு போட்டு, டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். ஊரில் முதல் நாள் இரவு போன் செய்தேன், மறுநாள் காலை ஆறரைக்கு லேப் தம்பி பைக்கில் வாசலில் நிற்கிறார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, அவ்வளவுக்கும் அன்று சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. (இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை, அதை அவரே சொன்னார்.)

வந்த ரிப்போர்ட்டை என்ன செய்வது? கல்லீரல் பாதிக்கப்பட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 78 என்று தடித்த எழுத்தில் இருந்தது. கிளம்பும் முன் 31. கீழே "மருத்துவரை அணுகவும்" என்று அச்சடித்த ஒரு வரி, அவ்வளவுதான். இங்கே என்றால் எண் ஏறியதும் நர்ஸே கூப்பிடுவார். அங்கே எடுத்தவர் வேறு, அளந்தவர் வேறு, பார்ப்பவர் யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க, ஊசியும் வேண்டாம்" என்றார். ஐசோனியாசிட் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அதை நிறுத்திவிட்டால் அந்தச் சுவர் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முதலில் ஓடியது.

இங்குள்ள நர்ஸுக்கு ரிப்போர்ட்டை அனுப்பலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல், பெயரும் அளவிடும் அலகும் வேறு வேறு. அங்கே எஸ்ஜிபிடி, இங்கே ஏஎல்டி, இரண்டும் ஒன்றுதான். ஹீமோகுளோபின் அங்கே 11.8, இங்கே 118. பிளேட்லெட் அங்கே 2.6 லட்சம், இங்கே 260. கிரியாட்டினின் 0.8 என்பதை 88.4-ஆல் பெருக்கினால்தான் இங்குள்ள கணக்கு, 71 வருகிறது. இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புது எண், கடைசி ஊசி என்றைக்கு, கடைசி மெத்தோட்ரெக்சேட் என்றைக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். நான் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நான்கு நாள் கழித்து ஒரு வாதநோய் நிபுணரிடம் நேரம் கிடைத்தது. அந்த அம்மா இருபது நிமிடம் கோப்பு முழுக்கப் புரட்டினார், பிறகு ஒரே ஒரு கேள்வி: "நடுவுல காய்ச்சல் வந்துச்சா, என்ன சாப்பிட்டீங்க?" வந்திருந்தது. மூன்று நாள் பாரசிட்டமால் நினைத்த நேரத்துக்கெல்லாம் போட்டிருந்தேன், ஏற்கெனவே இரண்டு மருந்து கல்லீரலில் வேலை செய்துகொண்டிருக்க. (காய்ச்சல் இருக்கும்போது ஊசி போடக்கூடாது என்று ஒரு வாரம் தள்ளி வைத்தது மட்டும் நான் சரியாகச் செய்தது.) எதையும் நிறுத்த வேண்டாம், பாரசிட்டமாலைத் தொடாதீங்க, இரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்போம், கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே வாங்க என்றார். மறுநாள் இங்கிருந்து நர்ஸ் எழுதிய பதிலும் கிட்டத்தட்ட வரிக்கு வரி அதேதான்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் 46.

கிளம்பும் நாள் நெருங்கியபோது பயன்படுத்திய பேனாக்களை எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஊசி உள்ளே இருக்கிறது, குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையில் குத்தும். வாங்கிய கடையில் போடச் சொல்லலாம் என்றால் நான் அங்கே வாங்கவே இல்லை. கடைசி முறை ரத்தம் எடுக்க வந்த லேப் தம்பியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதுக்கென்னக்கா, குடுங்க" என்று பையிலிருந்து, பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு வைக்கும் டப்பாவை எடுத்து நீட்டினார்.