செக்கு எண்ணெய் லேபிளுக்குக் கோலமா, எழுத்தா?

காங்கேயம் பக்கம் சிறிய அளவில் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டி விற்கிறோம். வெறும் பாட்டிலில் விற்றுக்கொண்டிருந்த நாங்கள் லோகோ வேண்டும் என்று போனபோது, டிசைனர் இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, சிக்குக் கோலத்தையே சின்னமாக்குவது. இன்னொன்று, கடையின் பெயரைப் பழைய கடைப்பலகை எழுத்தின் சாயலில் தமிழில் வரைந்து, அந்த எழுத்தையே அடையாளமாக வைத்துக்கொள்வது. இரண்டுமே இந்த மண்ணிலிருந்து வருபவை, இரண்டையும் இன்றைய தோற்றத்துக்குக் கொண்டுவர முடியும். நாங்கள் எடுத்தது எழுத்தை.

வேறு யோசனைகளும் வந்தன. காங்கேயம் காளையை உடனே தள்ளிவிட்டோம், இந்த வட்டாரத்தில் எண்ணெய், பால், வெல்லம் எதை எடுத்தாலும் அதில் காளை நிற்கிறது. சாமி படம் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து, காலி பாட்டில் கடைசியில் குப்பைக்குத்தானே போகும். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய அடையாளங்களை டிரேட்மார்க் சட்டமும் பதிய விடுவதில்லை. மெல்லிய ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரியும் காட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அந்த எண்ணெய் எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

அழகு என்று பார்த்தால் கோலம்தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் அது கண்ணில் படும், கடையில் வரிசையாக அடுக்கினால் எடுப்பாக இருக்கும். சிவகாசியில் நல்ல பிரஸ்ஸில் ஆஃப்செட்டில் அடித்த ஸ்டிக்கரில் கோலத்தின் ஒவ்வொரு இழையும் தெளிவாக விழுந்திருந்தது. அந்த மாதிரி ஸ்டிக்கரைப் பார்த்த அன்றே பலரும் கோலத்துக்குச் சம்மதித்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு லோகோ நல்ல ஸ்டிக்கரில் மட்டும் வாழ்வதில்லை. 15 கிலோ தகர டின்னில் ஸ்க்ரீன் பிரின்ட்டாக வரும், அட்டைப்பெட்டியில் ரப்பர் ஸ்டாம்ப்பாக வரும், மூடியில் காசு அளவில் வரும், பில்லின் தலையில் வரும், வாட்ஸ்அப் டிபியில் வரும். ஸ்க்ரீன் பிரின்ட்டில் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன், பவுச் அடித்தால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர், நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால் சிறிய தொழிலுக்கு ஒரே நிறம்தான் கட்டுப்படியாகும். ஒரே நிறத்தில், மோசமான அச்சில், சின்ன அளவில் நிற்குமா என்ற கேள்விதான் எங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பில் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் இருக்கும் தெர்மல் பிரின்டர்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 8 அச்சுப்புள்ளி போடுபவை. லோகோவுக்கு 8 மி.மீ. உயரம் ஒதுக்கினால் மேலிருந்து கீழ்வரை மொத்தம் 64 அச்சுப்புள்ளிகள். ஒன்பது வரிசைச் சிக்குக் கோலத்தை அதற்குள் அடைத்தால் வரிசைக்கு ஏழுதான் கிடைக்கும். கோலப்புள்ளி, அதைச் சுற்றி வரும் கோடு, நடுவில் இடைவெளி எல்லாம் அந்த ஏழுக்குள் வந்தாக வேண்டும். எங்கள் மெஷினில் கறுப்புத் திட்டாகத்தான் விழுந்தது. டின்னில் மை கொஞ்சம் பரவினாலும் அதே கதி. வாசலை நிறைத்துப் போடும் ஒன்றை விரல் நகத்தளவுக்குச் சுருக்கினால் அது தாங்காது.

சரி, கோலத்தை எளிமையாக்கலாமே என்றால், அங்கேதான் உண்மையான சிக்கல். மூன்று வரிசைக் கோலம் சின்ன அளவிலும் தெளிவாக அச்சாகிறது. ஆனால் அந்த முடிச்சு துணிக்கடை, யோகா வகுப்பு, மெஸ் என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. நம்முடையது என்று தெரிகிற அளவுக்குக் கோலத்தைப் பெரிதாக்கினால் அச்சில் நிற்காது, அச்சில் நிற்கிற அளவுக்குக் குறைத்தால் எல்லோருடையதும் ஆகிவிடுகிறது. இடையில் ஒரு அளவு இருக்குமா என்று டிசைனர் நிறைய முயன்று பார்த்தார், எங்களுக்குத் திருப்தியாக ஒன்று அமையவில்லை. இன்னொன்றும் உண்டு. சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். கம்ப்யூட்டரில் அழகுக்காக ஒரு வளைவை வெட்டிவிட்டால், கோலம் போடும் பெண்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணெய் வாங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

எழுத்தின் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. எவ்வளவு சுருக்கினாலும், எளிமையாக்கினாலும், பெயர் பெயராகவே நிற்கும். பிளெக்ஸ் வந்த பிறகு பலகை வேலை குறைந்துபோன ஒரு பெயின்டரிடம் எங்கள் பெயரைப் பட்டைத் தூரிகையால் எழுதி வாங்கினோம், அதற்கு உரிய கூலியும் கொடுத்தோம். டிசைனர் அதன்மேல் வரைந்து, நிழலை எடுத்துவிட்டு, தூரிகையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இதற்கும் உழைப்பு வேண்டும், சும்மா வந்துவிடாது. 'எண்ணெய்' என்ற சொல்லில் மூன்று சுழி ண இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. சின்ன அளவில் சுழிகளில் மை நிரம்பி மூடிக்கொள்ளும். அதனால் சுழிகளை அகலமாகத் திறந்து, மெய்யின் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினார். டின்னிலும் பில்லிலும் இப்போது படிக்க முடிகிறது.

கைவேலைக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் கேட்டமரான் (Catamaran), முக்த மலர் (Mukta Malar) போன்ற இலவசத் தமிழ் எழுத்துருக்களில் தொடங்கலாம். அவற்றைத் தொழிலுக்கும் பயன்படுத்த உரிமம் இருக்கிறது. ஆனால் அதே எழுத்துருவில் பக்கத்துக் கடையும் எழுதலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் பதிவு விஷயத்திலும் எழுத்துக்குத்தான் என் ஓட்டு. பொருள்களை வகை வகையாகப் பிரித்துப் பதியும் அந்தப் பட்டியலில் சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். தனித்தன்மை உள்ள பெயரைச் சொல்லாகவே பதிந்துவிட்டால், எந்த வடிவத்தில் எழுதினாலும் பாதுகாப்பு உண்டு. 'மரச்செக்கு' போன்ற பொருளை விவரிக்கும் சொல்லை மட்டும் உரிமை கொண்டாட முடியாது. கோலத்தைப் படமாகப் பதியலாம்தான், ஆனால் இன்னொருவர் வேறு கோலம் போட்டால் தடுப்பது கடினம். அப்புறம் கடைப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருப்பதால், தமிழ் எழுத்தே லோகோவாக இருப்பது அங்கும் வசதி.

கோலத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. கடைச் சுவரிலும் துணிப்பையிலும் பெரிதாக இருக்கிறது, அங்கே அது வாழ்கிறது. பரிசுப் பெட்டி, புடவை, வீட்டு அலங்காரம் போன்ற பெரிய பரப்பும் நல்ல அச்சும் உள்ள தொழிலாக இருந்தால் நான் கோலத்தையே சொல்லியிருக்கக்கூடும். வெளிமாநில விற்பனை எங்களுக்கு மிகக் குறைவு. தமிழ் படிக்காத வாடிக்கையாளர் பாதிக்குமேல் இருந்தால் எழுத்து மட்டும் போதுமா என்பதை என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

எதை எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன்பு டிசைனரிடம் ஒரே நிறத்தில் ஒரு மாதிரி கேளுங்கள். அதை உங்கள் பில் மெஷினில் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் கடையில் ஒரு முத்திரையும் செய்து, சொரசொரப்பான அட்டையில் குத்திப் பாருங்கள். திரையில் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.