பெலஃபாண்டேயின் 'கலிப்ஸோ': 'டே-ஓ'வோடு நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபாண்டேயின் 'கலிப்ஸோ' 1956-இல் வந்த இசைத்தட்டு. எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவையே ஆட்டிவைத்த அதே வருஷம் வெளியாகி, பில்போர்டு பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் மொத்தம் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்குப் பலர் அதிலுள்ள 'டே-ஓ' பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, ஏதோ கடற்கரைக் கும்மாளம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

கும்மாளமா? ராத்திரி முழுக்கக் கப்பலில் வாழைத்தார் ஏற்றிவிட்டு, விடிந்ததும் கணக்குப்பிள்ளை வந்து எண்ணினால் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருக்கும் ஜமைக்கா கூலியாட்களின் பாட்டு அது. தாருக்குள் விஷச் சிலந்தி ஒளிந்திருப்பதைக்கூட போகிற போக்கில்தான் சொல்கிறார்கள். ஒற்றைக் குரல் நீளமாக எழும்ப, கூட்டம் பதில் கொடுக்கும் அந்த முதல் சில நொடிகளுக்கே தட்டை வாங்கலாம்.

பேர் கலிப்ஸோ, ஆனால் கலிப்ஸோ என்ற பாட்டு வகை டிரினிடாட் தீவின் சொத்து. 'டே-ஓ' மென்டோ என்கிற ஜமைக்கா நாட்டுப்புற இசைப் பக்கம் சேர்ந்தது. 11 பாட்டில் எட்டு இர்விங் பர்ஜியின் கைவண்ணம். புரூக்ளினில் பிறந்தவர், அம்மா பார்படாஸ்காரர், பிற்பாடு அந்த நாட்டுக்குத் தேசிய கீத வரிகளையும் எழுதியவர். அதனால் அசல் கிராமத்துக் குரல் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் பாலிஷ் போட்டதாகத்தான் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை, 'ஐ டூ அடோர் ஹெர்' தவிர. அதில் சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. 'டாலி டான்'? தாண்டிவிடலாம்.

'ஜமைக்கா ஃபேர்வெல்' எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். நான் திரும்பத் திரும்பப் போவது 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' பாட்டுக்கு. தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகிறது, ஆனால் விஷயம் என்னவென்றால், தீவுக்கு வந்த அமெரிக்கர்கள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள், உள்ளூர்ப் பையன்கள் அதை வளர்க்கிறார்கள். இதை அமெரிக்காக்காரனையே காசு கொடுத்து வாங்கிக் கேட்க வைத்தாரே பெலஃபாண்டே, அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கடைசியில் வரும் 'மேன் ஸ்மார்ட்' அசல் டிரினிடாட் சரக்கு. ஆம்பிளைகளை நன்றாக வாருகிறது.

ஸ்டுடியோ சுத்தம் அலுப்பாக இருந்தால், 1959 கார்னகி ஹால் கச்சேரிப் பதிவைப் போடுங்கள். 'மெட்டில்டா'வில் அரங்கத்தையே பாட வைத்து வம்பு பண்ணுவார். ஆனால் அதற்கு முன்னால் இது.