கடிகாரமா, கரை வேலையா? தினமும் எழுத எதைப் பிடித்துக்கொள்வது

தினமும் எழுதப் பழக நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, காலை 5 மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்பதுதான். எல்லா நாளும் ஒரே மாதிரி விடிந்து ஒரே மாதிரி முடிகிறவருக்கு அது சரி. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி என்று கடலை ஒட்டி வாழும் பலருக்கு அப்படி விடிவதில்லை. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போகிற விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கடல் வற்றும் நேரம்தான் கணக்கு. அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 6 மணிக்கு வற்றும் கடல், ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 12 மணிக்கு வற்றும்.

ஆகவே இங்கே முதலில் தீர்க்க வேண்டியது, எத்தனை மணிக்கு எழுதுவது என்பதல்ல. எழுத்தை எதோடு முடிச்சுப் போடுவது என்பதுதான்.

மணியோடு கட்டுவதா, வேலையோடு கட்டுவதா

மணியோடு கட்டுவதில் ஒரு நன்மை உண்டு. 5 முதல் 5.30 வரை அம்மா எழுதுவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆசிரியர், அலுவலக ஊழியர், நேரத்துக்குக் கடை திறப்பவர் ஆகியோருக்கு இதையே சொல்வோம். இதன் பலவீனம், ஒரு நாள் அந்த நேரம் தப்பினால் அன்றைய எழுத்தே தப்பிவிடுகிறது. 5.40-க்கு நேரம் இருந்தாலும், மணி போய்விட்டதே என்று மனம் விட்டுவிடும்.

வேலையோடு கட்டுவது என்றால், தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் முடிவில் எழுத்தைக் கட்டுவது. வலையைக் காயப் போட்டுக் குளித்து டீ குடித்து முடித்ததும். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டதும். ஷட்டரை இறக்கியதும். பாங்கு சொல்லும் நேரம் சூரியனோடு நகர்ந்தாலும் தொழுகை தவறுவதில்லை; அதோடு கட்டிய எழுத்தும் கூடவே நகரும். நாளுக்கு நாள் நேரம் மாறும் தொழிலில் இருப்பவருக்கு இதுதான் நிற்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எந்த வேலையோடு கட்டுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த வேலை எல்லா நாளும் நடக்க வேண்டும். அது முடிவது பளிச்சென்று தெரிய வேண்டும். அது முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும். ‘ராத்திரி சாப்பிட்ட பிறகு’ என்பது பலரும் தேர்ந்தெடுத்துத் தோற்கிற முடிச்சு. சாப்பாடு எப்போது முடிந்தது என்று சொல்லவே முடியாது. கை கழுவியதும் போன், பிறகு பேச்சு, பிறகு தூக்கம். அதையே ‘சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும்’ என்று மாற்றி, தட்டு கவிழ்க்கிற அலமாரியிலேயே நோட்டை வைத்தால் நிலைமை மாறும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இந்த வகை முடிச்சைப் பற்றியதுதான். ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலை அன்றாட வேலை ஒன்றோடு இணைத்துக்கொண்டார்கள். அது யோசிக்காமல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மாறியது. 21 நாளில் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி 22-ஆம் நாள் மனம் உடைகிறவர்கள் இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டும். அங்கே பழகியவை தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்றவை. எழுத்து அதைவிடப் பாரமானது, ஆகையால் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலத்தில் தொடங்குவதா, தொழில் நாளில் தொடங்குவதா

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. வலை பின்னல், படகுப் பழுது தவிர நேரம் கிடைக்கும். எழுதத் தொடங்க இதைவிட நல்ல காலம் ஏது என்று தோன்றும். பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான்.

எங்கள் கணிப்பில் இது ஆபத்தான தொடக்கம். தடைக்காலத்தில் பழகுகிற எழுத்து, அந்தக் காலத்து ஓய்வோடு ஒட்டிக்கொள்கிறது: பத்து மணி நிழல், திண்ணை, அவசரமில்லாத டீ. ஜூன் 15-ல் படகு இறங்கியதும் இவை எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகும். கூடவே எழுத்தும் போகும். 61 நாள் உழைத்தும் ஒன்றும் நிற்கவில்லையே என்ற வருத்தம்தான் மிஞ்சும். மன உறுதியில் குறையில்லை, முடிச்சைப் போட்ட கொம்புதான் பிடுங்கப்பட்டுவிட்டது.

தொழில் நாளில் தொடங்கினால் முதல் மாதம் மிகக் கொஞ்சம்தான் வரும், சில நாள் மூன்றே வரி. ஆனால் களைப்போடும் மீன் வாசத்தோடும் பழகிய எழுத்து, ஓய்வு வரும்போது தானே பெருகும். தடைக்காலத்தில்தான் தொடங்குவேன் என்பவர், தொழில் நாளிலும் இருக்கிற ஒரு வேலையோடு கட்டட்டும்; அப்போதும் 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். தினம் 2 மணி நேரம் எழுதிப் பழகியவருக்கு, ஜூன் மாதத்து 15 நிமிடம் தோல்வியாகத் தெரியும்.

நிமிடக் கணக்கு, சொல் கணக்கு, பக்கக் கணக்கு

தினம் 500 சொல், 1,000 சொல் என்ற இலக்குகள் ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்தவை. தமிழுக்கு அவை பொருந்தாது. ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக வருவதைத் தமிழ் ‘போயிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அவர்களுடைய 500 சொல்லைத் தமிழில் எழுதப் போனால் அதைவிட நிறையச் சேதி எழுத வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. போனில் சொல்லை எண்ணும் வசதி இடைவெளியைத்தான் எண்ணும். இலக்கை எட்டச் சொல்லைப் பிரித்து எழுதுகிற கெட்ட பழக்கம் அப்படித்தான் நுழைகிறது. ஆங்கிலக் கணக்கில் பாதியை வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும்.

நிமிடக் கணக்கு தொடக்கத்துக்கு நல்லது, ஏனென்றால் எழுத்து வராத நாளிலும் அதை முடிக்க முடியும். 15 நிமிடம் வையுங்கள். கெடுவது எங்கே என்றால், இரண்டு மாதம் போனதும் சிலர் அந்த நேரம் முழுக்கப் பழைய பக்கத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். நேரம் நிறையும், பக்கம் நகராது.

அந்தக் கட்டத்தில் பக்கக் கணக்குக்கு மாறுவதே எங்கள் சிபாரிசு. கோடு போட்ட நோட்டில் 25 வரி, வரிக்கு ஆறேழு சொல் என்றால் பக்கத்துக்கு 150 முதல் 175 சொல். யோசித்து எழுதுகிறவருக்கு 20 நிமிடத்தில் ஒரு பக்கம் வந்தால் நல்ல வேகம். அதில் 120 சொல் தேறியது என்று வையுங்கள். மாதம் 25 நாள் எழுதினால் ஆண்டுக்கு 36,000 சொல், ஒரு சிறு நாவல் அளவு. பாதிப் பக்கம் எழுதுகிறவரும் ஆண்டு முடிவில் ஏழெட்டு நல்ல சிறுகதைக்கு வேண்டியதைக் கையில் வைத்திருப்பார்.

விடியலா, இரவா

இதில் நீளமாகப் பேச எதுவுமில்லை. தூங்கி எழுந்த பிறகு எழுதுங்கள், அது விடியலாக இருந்தாலும் பகல் 2 மணியாக இருந்தாலும் சரி. இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுத் திரும்பியவர், தூக்கத்தைத் தள்ளி எழுதினால் நான்காம் நாளே விட்டுவிடுவார்.

நோட்டா, போனா

உப்புக் காற்றில் காகிதம் ஈரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மை பேனாவும் ஜெல் பேனாவும் அந்தத் தாளில் ஊறிப் பரவும். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும். நோட்டை ஜிப் கவரில் போட்டு, புதுச் செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் கூட வையுங்கள். 80 பக்க நோட்டு நல்லது; மூன்று மூன்றரை மாதத்தில் ஒன்று தீர்ந்துபோவதைப் பார்ப்பதே தெம்பு.

போனில் எழுதுவதன் லாபம், பிறகு தட்டச்சு செய்கிற வேலை மிச்சம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று முறை திருத்த வேண்டி வந்து யோசனை அறுந்துபோகும். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். சில வாரப் பயிற்சியில் கை பழகிவிடும், அதற்குப் பிறகு வேகம் வேறு. குரலில் சொல்லி எழுதுவது கடற்கரையில் அதிகம் உதவாது. காற்று இரைச்சல் ஒரு பக்கம். அதைவிட முக்கியம், கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரை நாம் சொன்னால் அது தனக்குப் பழகிய வேறு சொல்லைப் போட்டுவிடும். இந்தக் கரையின் சொற்கள் எழுத்தில் தங்க வேண்டும் என்று நினைப்பவர் அதை ஏற்கலாகாது.

நோட்டில் முதல் எழுத்து, வாரம் ஒருநாள் போனில் ஏற்றுவது என்ற கலப்பு முறை நல்லது. ஏற்றும்போதே முதல் திருத்தமும் நடந்துவிடுகிறது. ஏற்றியதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். போன் கடலில் விழுந்தாலும் எழுத்து இருக்கும்.

ஒரு நாளும் விடாமலா, வாரத்துக்கு இத்தனையா

காலண்டரில் தினம் ஒரு பெருக்கல் குறி போட்டுச் சங்கிலியாக்குவது சிலருக்கு உற்சாகம் தரும். புயல் எச்சரிக்கை, வீட்டில் துக்கம், கரையில் பிரச்சினை என்று ஒரு நாள் அறுந்தால், அந்த உற்சாகமே பாரமாகிவிடும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. வாரத்துக்கு 5 நாள், ஆனால் அடுத்தடுத்து இரண்டு நாள் தவறக் கூடாது என்ற விதியே நடைமுறைக்கு ஒத்தது.

முடியாத நாளுக்கு ஒரு அடிமட்ட அளவு வேண்டும். காற்று எந்தப் பக்கம், என்ன மீன் பட்டது, ஏலத்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம்: இந்த மூன்று வரி போதும், இரண்டு நிமிட வேலை. மறுநாள் கடலுக்குப் போகிறவர், நோட்டை மூடும் முன் அடுத்த வாக்கியத்தைப் பாதி எழுதி அப்படியே விட்டுவிட்டுப் போகட்டும். திரும்பி வந்து உட்காரும்போது, எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.