பிள்ளையோடு போக டாக்சியா, தனியார் வாடகை காரா?

சிங்கப்பூரில் சொந்தக் கார் வாங்கும் பேச்சு எங்கள் வீட்டில் 2023-இலேயே ஓய்ந்துவிட்டது. சிறிய கார்களுக்கான சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சான்றிதழ் மட்டுமே அந்த ஆண்டு ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அதற்கு மேல்தான் காரின் விலையே தொடங்கும். எம்ஆர்டியிலும் பேருந்திலும் போக முடியாத பயணங்களுக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று டாக்சி, இன்னொன்று செயலியில் அழைத்தால் வரும் தனியார் வாடகை கார்.

இரண்டிலும் நிறையவே போய் வந்த பிறகு வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஐந்து வயது மகள் கூட வந்தால், குழந்தை இருக்கை உள்ள தனியார் வாடகை கார். மாமியாரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வருவதென்றால் டாக்சி. என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், தனியார் வாடகை கார் பக்கம்தான். ஓட்டுநர் யார், எந்தச் செயலி, எவ்வளவு மலிவு என்பதெல்லாம் அந்த முடிவில் பெரிய பங்கு வகிக்கவில்லை. ஒரே ஒரு சட்ட விதிதான் தீர்மானித்தது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டாக்சியில் மீட்டர் ஓடும். வேலை நாள் காலை நெரிசலிலும் மாலை நெரிசலிலும் 25 விழுக்காடு, நள்ளிரவுக்குப் பிறகு 50 விழுக்காடு கூடும். ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணமும் நம் தலையில்தான். செயலியில் ஏறுவதற்கு முன்பே தொகை தெரிந்துவிடும், ஆனால் மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தொகை எகிறும். மழையில் டாக்சி மலிவு, மற்ற நேரத்தில் பெரும்பாலும் செயலி மலிவு. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கட்டுப்பாடுகளைப் பற்றித்தான் தவறான பேச்சு அதிகம். "தனியார் வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு விதியே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. 2013-இல் ஊபரும் கிராபும் இங்கே வந்தன. அப்புறம் சில ஆண்டுகளுக்குச் சாதாரண கார் உரிமம் வைத்திருந்தவர் ஒரு காரை வாடகைக்கு எடுத்து மறுநாளே பயணிகளை ஏற்றலாம் என்ற நிலைதான் இருந்தது. 2017 ஜூலையில் அது மாறியது. நிலப் போக்குவரத்து ஆணையம் தனியார் வாடகை கார் ஓட்டுநர்களுக்கென்று தனித் தொழில் உரிமத்தைக் கொண்டுவந்தது. மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை, 10 மணி நேரப் பயிற்சி, தேர்வு எல்லாம் வந்தன. காரின் முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் அடையாள வில்லை ஒட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். 2020 முதல் புதிதாக உரிமம் கேட்பவருக்கு 30 வயதாகியிருக்க வேண்டும். டாக்சி ஓட்டுநருக்கு ஏற்கெனவே இருந்த வயது வரம்புதான் இது. அதே 2020-இன் இறுதியில் ஒரு புதுச் சட்டம் நடப்புக்கு வந்து, டாக்சி நிறுவனங்களையும் செயலி நிறுவனங்களையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது.

ஆக, விதியே இல்லை என்ற பேச்சு இன்று செல்லாது. ஆனால் இரண்டும் சமம் என்றும் சொல்ல முடியாது. 2017 மாற்றத்தின்போது டாக்சி ஓட்டுநருக்கான பயிற்சியை 60 மணி நேரத்திலிருந்து 25 மணி நேரமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அது மற்றதைவிட இரண்டரை மடங்கு. டாக்சி உரிமம் உள்ளவர் தனியார் வாடகை காரை அப்படியே ஓட்டலாம். தனியார் வாடகை கார் உரிமம் மட்டும் உள்ளவர் டாக்சி ஓட்ட வேண்டுமானால் மேற்கொண்டு படிக்க வேண்டும். வழி தெரிந்து ஓட்டுவதில் இந்த வேறுபாடு கண்கூடு. தீவு விரைவுச்சாலையில் விபத்து என்று அறிவிப்புப் பலகையில் தெரிந்ததுமே, வயதான டாக்சி அங்கிள் எந்த வெளிவழியில் இறங்கினால் தப்பிக்கலாம் என்பதைத் திரையைப் பார்க்காமலே முடிவு செய்கிறார்.

வண்டியின் பராமரிப்பிலும் டாக்சிதான் முந்துகிறது. டாக்சி நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஓட்டுநர் நாள் வாடகை கட்டி ஓட்டுபவர். தனியார் வாடகை கார் ஓட்டுநரின் சொந்தக் காராகவும் இருக்கலாம், வாடகை நிறுவனத்தின் காராகவும் இருக்கலாம். மூன்று வயதைத் தாண்டிய டாக்சி 2024 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தனியார் வாடகை காரைப் போலவே அதற்கும் ஆண்டுக்கு ஒருமுறைதான். சாதாரணக் குடும்பக் காரைவிட இதுவும் கடுமையான விதிதான். ஆனால் சொந்தக் காரை ஓட்டுபவருக்குத் தேய்ந்த டயரை மாற்றும் செலவு அவர் பையிலிருந்து போகிறது. அதைத் தள்ளிப் போட யாருக்கும் மனம் வரத்தான் செய்யும்.

சரி, சாலையில் எப்படி ஓட்டுகிறார்கள்? இதில் நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். எந்த விதி ஒருவருக்குச் சோறு போடுகிறதோ அந்த விதிக்கு ஏற்பத்தான் அவர் ஓட்டுகிறார். தெருவில் கை காட்டும் ஆளை ஏற்றவும் டாக்சி நிறுத்தத்தில் நிற்கவும் டாக்சிக்கு மட்டும்தான் உரிமை. அதனால் காலி டாக்சி இடது தடத்தை ஒட்டி மெதுவாக ஊர்ந்து, நடைபாதையில் ஒரு கை உயர்ந்ததும் சட்டென்று பிரேக் போடும். ஞாயிறு மாலை தேக்காவில், சிராங்கூன் சாலையோரம் நின்று பார்த்தால் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரருக்குத்தான் ஆபத்து.

தனியார் வாடகை கார் தெருவில் ஆள் ஏற்றக் கூடாது. அதற்கு வரைபடத்தில் குத்திய புள்ளிதான் எல்லாம். அந்தப் புள்ளி சில நேரம் அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம் விழும், சில நேரம் சாலையின் எதிர்ப்பக்கம் விழும். அப்போது இரட்டை விளக்கை எரியவிட்டு நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதும், கடைசி நொடியில் இரண்டு தடம் தாண்டித் திரும்புவதும் நடக்கிறது. பொங்கோல் மாதிரிப் புது வட்டாரங்களில் இது அதிகம் என்பது என் அனுபவம். கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில் ஒரு தெருவில், புளோக்கின் முகவரி வேறொரு தெருவில் இருக்கும். இதில் பயணியின் பங்கும் உண்டு. புள்ளியைச் சரியாகக் குத்திவிட்டு, கார் வருவதற்கு முன்பே ஏறும் இடத்தில் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நாம் மின்தூக்கியில் இறங்கிக்கொண்டிருக்க, அவர் கீழே தடத்தை மறித்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஓட்டிக்கொண்டே கைபேசியில் அடுத்த சவாரியை ஏற்பது இன்று இரு தரப்புக்கும் பொது. டாக்சி ஓட்டுநர்களும் செயலியில் சவாரி எடுக்கிறார்கள். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். தாங்கியில் வைத்து விரலால் தட்டினால் அந்தக் குற்றம் ஆகாது. கண் சாலையை விட்டு விலகுவது என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். இந்த விஷயத்தில் எந்தப் பக்கத்துக்கும் நான் மதிப்பெண் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

இதுவரை படித்தால் டாக்சிக்குத்தான் தராசு சாய்கிறது. பயிற்சி அதிகம், வண்டி நிறுவனத்துடையது, ஓட்டுநருக்கு அனுபவமும் கூடுதல். பிறகு ஏன் பிள்ளைக்கு டாக்சி வேண்டாம் என்கிறேன்?

சிங்கப்பூர்ச் சட்டப்படி 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த எவரும் காரில் போகும்போது அவரவர் உடலுக்கு ஏற்ற குழந்தை இருக்கையிலோ பூஸ்டர் இருக்கையிலோ உட்கார வேண்டும். 2012 முதல் வயதை விட்டுவிட்டு உயரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். இந்த விதியிலிருந்து டாக்சிக்கு விலக்கு உண்டு. தனியார் வாடகை காருக்கு இல்லை.

விலக்கின் காரணம் புரிகிறது. தெருவில் கை காட்டி ஏறும் பயணி எந்த வயதுப் பிள்ளையோடு வருவார் என்று டாக்சி ஓட்டுநருக்கு முன்கூட்டித் தெரியாது. கைக்குழந்தைக்கு ஒன்று, மூன்று வயதுக்கு ஒன்று, ஏழு வயதுக்கு ஒன்று என்று பின்பெட்டியில் அடுக்கி வைத்தால் பயணியின் பெட்டிக்கு இடம் இருக்காது. காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் வெளியே ஓடி வரும் பெற்றோருக்கு அந்த விலக்கு பெரிய உதவி. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் விலக்கு ஓட்டுநரை அபராதத்திலிருந்து காப்பாற்றும், பிள்ளையைக் காப்பாற்றாது. கார் இருக்கைப் பட்டை பெரியவர்களின் உடலுக்கு அளவெடுத்தது. நம் தோளிலும் இடுப்பெலும்பிலும் படிய வேண்டிய பட்டை, குள்ளமான பிள்ளைக்குக் கழுத்திலும் மென்மையான வயிற்றிலும் படிகிறது. மோதும் நொடியில் முழு விசையும் அந்த இடத்தில்தான் இறங்கும். பூஸ்டர் செய்வதெல்லாம் பிள்ளையைச் சற்று உயர்த்தி, பட்டையைச் சரியான எலும்பில் படிய வைப்பதுதான். மடியில் வைத்துக்கொள்வது இதைவிட மோசம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எந்தத் தாயாலும் தகப்பனாலும் பிள்ளையைக் கையில் பிடித்து வைக்க முடியாது. டாக்சி அங்கிள் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும், பின்னால் வரும் லாரிக்காரர் அப்படி ஓட்டுவார் என்று யார் உறுதி சொல்வது?

சில செயலிகளில் குழந்தை இருக்கையோடு கூடிய கார் என்று தனித் தெரிவே இருக்கிறது. சில வெள்ளி கூடுதல். நெரிசல் நேரத்தில் கிடைப்பது கடினம். பாலர் பள்ளி விடும் நேரத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். சாதாரணக் காரை அழைத்தால், பிள்ளையைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போகும் ஓட்டுநர்கள் உண்டு. எங்களுக்கும் நடந்தது. மகளுக்கு முன்னால் அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டுநர் செய்தது சரி. இருக்கை இல்லாமல் ஏற்றினால் தண்டனை அவருக்கு, நமக்கில்லை. அவருடைய ஒரு நாள் உழைப்பை அபராதமாகக் கட்டச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. எங்கள் பயணங்களில் மகளை ஏற்ற மறுத்தவர்கள் எல்லாருமே தனியார் வாடகை கார் ஓட்டுநர்கள்தான். அவளுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியதும் அவர்களை மட்டும்தான்.

மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பூஸ்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் டாக்சியிலும் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், நாங்களும் போகிறோம். அவள் வயதுக்கு அது போதும். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாது, தோள்களில் மாட்டும் பட்டைகள் உள்ள முழு இருக்கை வேண்டும், அதைக் கையில் சுமந்து திரிய முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டாக்சியில் பூஸ்டரை எடுக்காமல் கிளம்பினாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அசதியான ஒரு மாலையில் அந்தச் சலுகை நம்மையே தளர்த்திவிடும். தனியார் வாடகை காரில் ஏறும்போது, கேட்பதற்கு ஓட்டுநர் என்று ஓர் ஆள் இருக்கிறார்.

மாமியார் விஷயத்தில் கதை நேர்மாறு. மருத்துவமனை வாசலில் டாக்சி நிறுத்தம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, கைபேசி தேவையில்லை. அவருக்குச் செயலி ஓடாது. தனியாகத் திரும்ப வேண்டிய நாளில் நிறுத்தத்தில் போய் நின்றால் போதும். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்பெட்டியில் வைக்க எழுந்து வராத டாக்சி ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. 2014 வாக்கில் 28,000-க்கு மேல் இருந்த டாக்சிகள் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. முதியவர்களை நினைத்தால் எனக்கு இது கவலையாக இருக்கிறது. கைபேசி இல்லாதவருக்கு வேறு வழி எங்கே?

பின்னிரவுப் பயணம் எங்களுக்கு அரிது. அந்த நேரத்தில் யார் வேகமாக ஓட்டுகிறார்கள், யார் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை. மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு நாங்கள் பேருந்தில்தான் போகிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எல்லை தாண்டி வாடகைக்கு ஏற்ற அதற்கென்று உரிமம் பெற்ற டாக்சிக்குத்தான் அனுமதி, பான் சான் ஸ்திரீட் முனையத்தில் அவை கிடைக்கும். டெலிகிராமில் பேசி ஏற்பாடு செய்யும் கார் எவ்வளவு வசதியாக இருந்தாலும், விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிடக்கூடும். பிள்ளையோடு அதில் ஏற வேண்டாம்.

மகள் 1.35 மீட்டரைத் தாண்ட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் டாக்சிக்கான விலக்கை, முன்பதிவு செய்த பயணங்களுக்காவது எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும். முன்பதிவில் பிள்ளை வருகிறது என்று ஓட்டுநருக்கு முன்பே சொல்லிவிட முடியும், ஆகவே தெருவில் கை காட்டி ஏறுவதற்குச் சொல்லும் காரணம் அங்கே பொருந்தாது. அந்த மாற்றம் வந்தால் நான் தயங்காமல் டாக்சிக்கே திரும்பிவிடுவேன்.